சுலோசனா போகாத பந்தி

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒருவர் ஒரு காரியத்தைச் செய்தால், அதை ஏன் செய்தார் என்று தெரிகிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. சித்தூருக்குப் பக்கத்தில், மாம்பழக் கூழ் ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே இட்லிக் கடை போட்டிருக்கிறவளுக்கு இப்படி ஒரு வியாதி இருந்தால் கேட்கவா வேண்டும்? "தரணிக்கா கிட்ட சொல்றதும் ஒண்ணு, தண்டோரா போடறதும் ஒண்ணு" என்று டிராக்டர் டிரைவர்கள் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டுமே! இவர்கள் சொல்லாமலா எனக்குத் தெரிகிறது?

அப்படிப்பட்ட எனக்கே சுலோசனாவின் விஷயம் வெகுநாள் பிடிபடவில்லை.

சுலோசனாவுக்கு ஊர் பங்காருபாளையம் பக்கம். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மூன்று ஏக்கர் தோத்தாபுரி மாந்தோப்பு, அதுதான் அவளுக்குக் கஞ்சி ஊற்றுகிறது. வருஷா வருஷம் வாடகை டிராக்டரில் காயை ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்கு வருவாள், என் கடையில் சாப்பிடுவாள், பேசுவாள். வேதக்காரி, இயேசு சாமியைக் கும்பிடுகிறவள். போன குளிர்காலத்தில் ஃபேக்டரி மூடியிருந்தபோது, "எங்க கோயிலுக்கு ஒரு நாள் வந்து பாரேன்க்கா" என்றாள். கூப்பிட்டால் போகாமல் இருப்பேனா நான்?

மாதத்தின் முதல் ஞாயிறு அது. பாட்டு பாதி தமிழ், பாதி தெலுங்கு. கடைசியில் பந்தி என்று ஒன்று. இயேசு சாமி சிலுவைக்குப் போவதற்கு முன்னால் சீடர்களோடு சாப்பிட்ட சாப்பாட்டின் ஞாபகமாம். எல்லோரும் முன்னால் போய் முழங்காலில் நிற்க, பாஸ்டர் ஆளுக்கொரு துண்டு ரொட்டியும் ஒரு வாய் திராட்சை ரசமும் கொடுத்தார். கிழவர்கள்கூடத் தடியை ஊன்றிக்கொண்டு போனார்கள். சுலோசனா மட்டும் கடைசி வரிசையை விட்டு அசையவில்லை. பசித்த குழந்தை அடுத்த வீட்டு இலையைப் பார்க்கிற மாதிரி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, நீ போகல?" என்று இடித்தேன்.

"கம்முனு இரேன்க்கா" என்றாள். அவ்வளவுதான்.

வெளியே வந்து அங்கிருந்த பெண்களிடம் கேட்டேன். மூன்று வருஷமாகவே இப்படித்தானாம். ஏன் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. நேர்த்திக்கடனா, சாபமா, யாரோடாவது தொடுப்பா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மண்டையைக் குடைந்துகொண்டேன். தொடுப்பு என்று நினைத்ததற்கு என் வாயில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வருஷம் காய்ப்பு கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டது. ஃபேக்டரி வாசலில் டிராக்டர் வரிசை ஆலமரத்து வளைவு வரைக்கும் போயிற்று. நாள் கணக்கில் வெயிலில் நிற்க வேண்டும், அதற்குள் காய் பழுத்துக் கசிந்தால் ஃபேக்டரிக்காரன் கழித்துக் கொட்டிவிடுவான். அதனால் வரிசையில் ஒரு கட்டுப்பாடு: இடையில் எவனும் நுழையக் கூடாது. பாவம் பார்த்து ஒருவனை உன் இடத்தில் விட்டால், அவன் இடத்துக்கு நீ போக வேண்டும். அப்பன் பிள்ளை என்றாலும் இதில் மாற்றம் கிடையாது.

சுலோசனா நின்று நின்று கேட்டுக்குக் கிட்டத்தில் வந்துவிட்டாள். மறுநாள் காலையில் உள்ளே போய்விடலாம் என்ற நிம்மதியில் என் கடையில் இட்லி தின்றுகொண்டிருந்தாள். அப்போது வேங்கடாசலத்தின் டிராக்டர் வந்தது. அவளுடைய பக்கத்துத் தோப்புக்காரர் அவர். ஏதோ சண்டையில் அவளுடைய வண்டிப் பாதையில் முள் வெட்டிப் போட்டு அடைத்த மனுஷன். அன்றிலிருந்து அவள் ஏரிக்கரையைச் சுற்றித்தான் காயைக் கொண்டுவருகிறாள். வழியில் டிராக்டர் அச்சு முறிந்து வெயிலில் கிடந்ததில் அவருடைய காய் முக்கால்வாசி பழுத்து, பலகை இடுக்கில் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. வரிசையின் வாலுக்குப் போய் நின்றவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. "பாத்தியா, முள்ளு போட்டவனுக்கு சாமி குடுத்த கூலிய!" என்றேன்.

சுலோசனா கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். "அப்படிச் சொல்லாதக்கா. தப்பு என்மேலதான்" என்றாள்.

அப்புறம்தான் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தோப்பில் சருகைக் கூட்டிக் கொளுத்தியிருக்கிறாள். காற்று திரும்பி, நெருப்பு வேங்கடாசலத்தின் தோப்புக்குத் தாவி இரண்டு மரம் கருகிப்போனது. அவருடைய நைனா கையால் வைத்த மரங்கள். "ஓடிப்போய் கால்ல விழுந்தேன்க்கா. மூஞ்சிலேயே முழிக்காதன்னுட்டாரு. மறுநாளே பாதையில முள்ளு."

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. "அடி இவளே! அதுக்காகத்தான் பந்திக்குப் போகாம கீறியா? அவரு மேல அவ்ளோ கோவமா?"

"எனக்கு இன்னா கோவம்? அவருக்குத்தான் என்மேல கீது."

"அவரு கோவத்துக்கு நீ ஏன்டி பட்டினி கிடக்கற?"

"பாஸ்டரும் இதேதான் கேக்கறாரு. உன் மனசு சுத்தமா கீது, வாம்மான்றாரு. ஆனா வேதத்துல வேற மாதிரி கீதுக்கா. உன்மேல ஒருத்தனுக்கு மனத்தாங்கல் கீதுன்னு ஞாபகம் வந்தா, படைக்க வந்தத அங்கியே வெச்சிட்டுப் போ, மொதல்ல அவங்கூட ராசியாவு, அப்பால வான்னு கீது. எனக்கு மனத்தாங்கல் இருந்தான்னு போடல. அவனுக்கு இருந்தான்னுதான் போட்டுக்கீது."

"அவரு மனசு மாறவே இல்லன்னா?"

"மாறணும்னுதான் தெனம் ஜெபம் பண்ணிக்கினு கீறேன்" என்று சிரித்தாள். சிரிப்பில் கண் கலங்கிவிட்டது. தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்பார்களே, அந்த ரகம் இவள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

கை கழுவினாள். நேரே டிரைவரிடம் போய், "வண்டிய எடு, பின்னால போவணும்" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பைத்தியமாடி உனக்கு? உன் காய் கெட்டுப்போச்சுன்னா வருஷம் முழுக்க இன்னாத்த துன்னுவ? இது இன்னா, அவரு மனசு மாற லஞ்சமா?"

"லஞ்சமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏற்கெனவே ரெண்டு மரம் என்னால போச்சு. பழமும் என் கண்ணு முன்னால போவணுமா? கைய விடுக்கா."

அப்படித்தான் அவள் வண்டி வாலுக்குப் போயிற்று, வேங்கடாசலத்தின் வண்டி அவள் இடத்துக்கு வந்தது. அந்த மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியோடு வந்தார். அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. மறுநாள் காலையில் கேட்டுக்குள் போனார்.

தேறிய காயைப் போட்டுவிட்டுக் காலி வண்டியோடு வெளியே வந்து என்னிடமே டீ கேட்டார் பாருங்கள், எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

"டீ குடுக்கறேன், மொதல்ல ஒண்ணு கேளு. அங்க வெயில்ல நிக்கறாளே, அவ சாமி போடற சோத்த அவ மூணு வருஷமா துன்றதில்ல. எதுக்குத் தெரியுமா? உனக்கு அவமேல மனத்தாங்கல் கீதாம். அது தீர்ற வரைக்கும் தொடமாட்டாளாம். நீ பாட்டுக்கு உள்ள போயிட்டு டீ குடிக்க வந்துக்கீற!"

நான் நீட்டிய கிளாஸை வாங்கினார். "நிஜமாவா?" என்றார். "பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவப்போவுது?" என்றேன். டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போய்விட்டார். போகிற வழியில் அவள் வண்டி பக்கத்தில் கொஞ்சம் நின்றார். பேசுவார் என்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ஒரு தார்ப்பாயை மட்டும் அவள் காய்மேல் வெயில் படாமல் விரித்துக் கட்டிவிட்டுப் போனார்.

சுலோசனாவின் முறை வந்தபோது கால்வாசிக் காயைக் கழித்துவிட்டார்கள். "முக்கால்வாசி நின்னுச்சே" என்றாள் அவள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு. நான் கடையைச் சாத்திவிட்டு பங்காருபாளையத்துக்கு பஸ் ஏறினேன். சீசன் நேரத்தில் கடையைச் சாத்துகிறாயா என்று கேட்காதீர்கள். வியாதி என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது. எல்லோரும் முன்னால் போனார்கள். சுலோசனா வழக்கம்போல் கடைசி வரிசையில், பக்கத்தில் நான். பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். வாசலில் வேங்கடாசலம்! சலவை வேட்டி, நெற்றியில் விபூதி. உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் ஒரு செருப்பைக் கழற்றி, இன்னொன்றைக் கழற்றாமல் நின்றார்.

"ஐயா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். பாஸ்டர் தட்டும் கையுமாக நிமிர்ந்தார்.

"நான் பக்கத்துத் தோப்பு வேங்கடாசலம். இந்தம்மா மேல எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்துச்சு. இப்ப இல்ல. அத நானே வந்து சொன்னாத்தான் செல்லும்னு தோணிச்சு, அதான் வந்தேன். இவங்களுக்கு அந்த ரொட்டியக் குடுங்க."

சுலோசனா எழுந்தாள். நான் ஒதுங்கி வழிவிட்டேன். இரண்டு அடி வைத்தவள் நின்று திரும்பினாள்.

"அண்ணா, பாதையில முள்ளு?"

"நேத்தே எடுத்துட்டேன். நீ போம்மா, அவரு நின்னுக்கினு கீறாரு பாரு."

அவள் போய் முழங்காலில் நின்றாள். கொடுத்த ரொட்டியை உடனே வாயில் போடவில்லை, உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால், வேங்கடாசலம் ஒற்றைச் செருப்போடு வாசலிலேயே நின்று, அவள் அதைச் சாப்பிடுகிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.