உபயம் செல்லையா குடும்பம்

கஹவத்தைப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை நிரோஷா. 2008இல் இறுதியாண்டு. முடித்துவிட்டால் ஆசிரியை வேலை கிடைக்கும். அப்பா செல்லையா இறப்பர் மரத்தில் பால் வெட்டுவதை நிறுத்தலாம்.

பல்கலைக்கழகக் கணினி அறையில் எல்லோரும் இணையத்திலிருந்து பாட்டு இறக்கினார்கள். ஒருத்தி இறக்கியதை மற்றவள் எடுத்துக்கொள்வாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரின் பத்திரிகையை எட்டிப் படிப்பதுபோலத்தான் அது இருந்தது.

மாரியம்மன் திருவிழாவுக்கு நிரோஷா அம்மன் பாட்டுகள் இறக்கினாள். தோட்டத்துக் கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தாலும் அதன்மேல் பெயர் எழுதுவார்கள். பாதி வெளிச்சம் போய்விடும். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு பாட்டின் பெயரோடும் ‘உபயம் செல்லையா குடும்பம்’ என்று தட்டினாள். திருவிழாவில் சவுண்ட்காரர் அதை ஒலிபெருக்கியில் வாசித்தபோதெல்லாம் செல்லையா வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

பாட்டுகள் பொதுக் கணினியிலும் கிடந்தன. அங்கிருந்து ஊர் ஊராகப் போயின. ஏதோ பாட்டுக் கம்பெனி முறைப்பாடு செய்தது. நிர்வாகம் கணினிகளைத் திறந்து பார்த்தது. ஆயிரக்கணக்கான பாட்டுகளில், ஆளின் பெயர் இருந்தவை இவளுடையவை மட்டும்தான்.

“யார் இந்தச் செல்லையா? எந்தக் கூட்டத்துத் தலைவன்?” விசாரித்தவர் சிங்களத்தில் கேட்டார்.

“எங்க அப்பா, சேர். பால் வெட்டுறார்.” அவளும் சிங்களத்தில்தான் சொன்னாள். யாரோ சிரித்தார்கள்.

“வேறு யாரெல்லாம் இறக்கினார்கள்?”

விசாரணை முடிந்து அவள் வெளியே வந்தாள்.

வாசலில் அறைத்தோழி ஜுமானா காத்திருந்தாள். “எங்கட பேரச் சொன்னியா?”

“இல்ல.”

“நல்ல புள்ள.” ஜுமானா தேநீர் குடிக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமைக்குள் செல்லையா நேரில் வந்து, குற்றத்துக்குத் தானே பொறுப்பு என்று கையெழுத்திட வேண்டும்; இல்லாவிட்டால் நிரோஷாவை நீக்குவார்கள். பெயர் அவருடையது என்பதால் நிர்வாகம் எடுத்த முடிவு அது.

வெள்ளிக்கிழமை அப்பாவும் மகளும் கஹவத்தை பஸ் நிலையத்தில் நின்றார்கள். செல்லையா திருவிழாச் சட்டையைப் போட்டிருந்தார்.

“சைன் வச்சா பொலிசுக்கு அனுப்புவாங்களா?”

“தெரியலப்பா.”

“அடுத்த லயத்து சசியையும் ஒரு சைன் வைக்கத்தான் பொலிசுல கூப்பிட்டாங்க.”

சசி இன்னும் திரும்பவில்லை. யுத்த காலம்; மூன்று சோதனைச் சாவடிகளைத் தாண்டித்தான் பல்கலைக்கழகம் போக வேண்டும்.

பஸ் வந்தது. கொண்டக்டர் இருவரையும் பார்த்து, “நங்கின்ன, நங்கின்ன” என்று ஏறச் சொன்னான். நிரோஷா மிதிபலகையில் ஒரு காலை வைத்தாள். செல்லையா அசையவில்லை.

“என்னால முடியாது தாயி,” என்றார். “என்னயக் கொண்டுபோயிட்டா ஒங்கம்மா ஒத்தையில என்ன செய்வா?”

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கோபப்பட முயன்றாள்; முடியவில்லை. காலை எடுத்தாள். பஸ் போய்விட்டது.

“வாங்கப்பா, வெயில் ஏறுது.”

திங்கள் விடியற்காலையில் தோட்டத்து ஆட்கள் வேலைக்கு வரிசையாக நின்றார்கள். வேலைக்கு வந்தவர்களின் பேர் பதியும் கணக்கப்பிள்ளை டோர்ச்சை நிரோஷாவின் பக்கம் திருப்பினார்.

“நீ என்னம்மா இங்க? லீவா?”

“இல்லைங்க,” என்றாள் நிரோஷா. “எனக்கும் பேர் போடுங்க.”