பாண்டவர் ஊட்டின் மேல் ஏறி நின்றவள்

ஏற்காட்டைப் பற்றி யாராவது குளுகுளுவென்று பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏரியும் படகும் அவர்களுக்கு. எனக்கு அந்த மலை என்றால் ஒரே ஒரு சரிவுதான். அதுவும் இப்போது இல்லை.

அப்போது நான் தொல்லியல் ஆராய்ச்சி மாணவி. பேராசிரியரும் நானும் சேலத்திலிருந்து ஜீப்பில் ஏறி, கிளியூர்ப் பக்கத்துக் காடுகளில் பழங்காலத்து ஈமச்சின்னங்களைத் தேடி அளந்துகொண்டிருந்தோம். ஒரு சாமைக் காட்டுக்கு மேலே சரிவு முழுக்கக் கல்பதுக்கைகள். நாலு பலகைக்கல்லைப் பெட்டி மாதிரி நட்டு, மேலே ஒரு பெரிய மூடுகல். ஒரு பலகையில் மட்டும் தலை நுழைகிற அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. இரும்புக்காலத்து மனிதர்கள் தங்கள் செத்தவர்களை வைத்த இடம். ஒன்றைக்கூட யாரும் திறந்ததில்லை. மழை விட்டதும் அனுமதி வாங்கித் தோண்டலாம் என்று பேராசிரியர் சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். என் ஆராய்ச்சி, இனி என் பிழைப்பு எல்லாமே அந்தச் சரிவுதான் என்று நினைத்தேன்.

காட்டுக்காரர், அதாவது அந்தச் சாமை நிலத்தின் சொந்தக்காரர், அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த விவசாயி. மலைக்காரர்கள் அந்தக் கல்பதுக்கைகளைப் பாண்டவர் ஊடு, அதாவது பாண்டவர் வீடு, என்பார்கள். ஏர் ஓட்டினால் தள்ளியே திருப்பிவிடுவார்கள். அந்த வழியாகப் போகிறவர் ஒரு பச்சைத் தழையைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் நகர்வார். மாடு உள்ளே புகுந்தால் வெளியே நின்று கத்துவார்களே தவிர, காலை வைக்க மாட்டார்கள்.

"ஏனுங்க அம்மிணி, தொடாதீங்க. தொட்டவிய ஊட்டுல ரத்தம் கக்கிச் சாவாங்க" என்று தூரத்தில் நின்றே கெஞ்சினார்.

பேராசிரியர் சிரித்தார். போட்டோவில் கல்லின் அளவு தெரிய ஆள் நிற்க வேண்டும். "ஏறி நில்லும்மா" என்றார். ஒவ்வொரு மூடுகல்லின் மேலும் ஏறி நின்றேன். மதியச் சோற்றையும் அதன் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். காட்டுக்காரர் மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்று கேட்டார். "எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

மழை முடிந்து, அனுமதி கிடைத்த கையோடு நான் மட்டும் முதலில் ஏறினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

சரிவில் ஒரு கல்கூட இல்லை. குழி குழியாகக் கிடந்தது. கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள் சேற்றில் மிதிபட்டுக் கிடந்தன. எலும்புகளைக் குப்பை மாதிரி ஓரமாகக் கூட்டித் தள்ளியிருந்தார்கள். ஐயோ, எத்தனை தலைமுறை மழையைத் தாங்கிய இடம்! அங்கேயே குந்தி வாய்விட்டு அழுதேன்.

காட்டுக்காரர் ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அழுததைக்கூடக் கவனிக்காமல் தன் வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போனார். மூடுகல்லெல்லாம் அங்கே பரப்பிக் கிடந்தன, காப்பிக்கொட்டை காயப்போடும் களமாக. ஓட்டை போட்ட பலகை மாட்டுத்தொட்டிக்கு முட்டுக் கொடுத்து நின்றது.

"நொம்ப நாளா பயந்துட்டே கெடந்தோமுங்க. நீங்க ஏறி நின்னீங்க, ஒண்ணும் ஆகல. அப்பறந்தான் எங்களுக்குத் தைரியமே வந்துச்சு. நீங்க நல்லா இருக்கோணும்."

யாரைத் திட்டுவது? இவரையா? மண் தரையில் பூஞ்சை பிடித்துப் போகிற கொட்டைக்கு ஒரு களம் தேடிய மனுஷன். பேராசிரியரையா? என்னத்தைச் சொல்ல! வேலியும் இல்லை, சட்டமும் எட்டிப் பார்த்ததில்லை. அந்தச் சரிவைக் காத்துக்கிடந்தது அந்தப் பயம் ஒன்றுதான். அதைத்தான் நாங்கள் ஜீப் ஏறி வந்து தீர்த்துவிட்டுப் போயிருக்கிறோம்.

அவர் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தார். காட்டுக்காரர் எதிரே இருந்த கரட்டு மேட்டைக் கைகாட்டினார்.

"அங்கயும் இருக்குதுங்க, இதவிடப் பெருசு. எங்க பங்காளிங்கதான் கிட்டயே போக மாட்டேங்கறாங்க. நீங்க ஒருக்கா வந்து ஏறி நின்னுட்டுப் போனாப் போதுமுங்க."

காப்பியைக் கீழே வைத்தேன். "நான் வர மாட்டேனுங்க. அங்க எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "நிஜமாத்தானுங்க. அங்க யாரையும் போக வேண்டாம்னு சொல்லுங்க." என் ஆயுளில் இப்படிக் கெஞ்சிக் கெஞ்சி ஒரு பொய்யைச் சொன்னதில்லை.

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "அம்மிணிக்கு எப்பவும் வெளையாட்டுத்தான்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, சுவரோரம் சாத்தியிருந்த கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு பங்காளிகளைக் கூட்டிவரக் கிளம்பினார்.