கூழுக்குத் தொட்டுக்கொண்டது

என் வயிற்றில் புண் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். கரும்பு வெட்டும் இடத்தில் கூழ் குடிக்க உட்கார்ந்தால் மடக்குக்கு ஒரு பச்சை மிளகாய் கடிப்பேன். கூட இருப்பவர்கள் வேலையை விட்டுவிட்டு எண்ணுவார்கள். அப்படிப்பட்டவன் ஒரு நாள் காலை, டிராக்டரை விட்டு இறங்கிய இடத்திலேயே காபித்தூளைக் கரைத்தது போல வாந்தியெடுத்து விழுந்தேன். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள்.

“மறுபடியும் ரத்தம் கசிஞ்சா ஆபரேஷன்தான். மாத்திரை எழுதித் தரேன். சாப்பாட்டையும் ஒழுங்கு பண்ணணும். ரெண்டு மாசம் கழிச்சு திரும்பக் குழாய் விட்டுப் பாப்போம்” என்றார் டாக்டர்.

இரண்டு மாதம் கழித்து என்றால் சர்க்கரை ஆலையின் அரவைக் காலத்தின் நடு. மூன்று ஏக்கர் கரும்பும் ஒரு டிராக்டரும்தான் எங்கள் பிழைப்பு. வயிற்றைக் கிழித்துக்கொண்டு நான் படுத்துவிட்டால் கரும்பு கொல்லையிலேயே காய்ந்துவிடும். அது ஒரு பக்கம். ஆபரேஷன் என்ற சொல்லே எனக்குப் பயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வழக்கமாக என்ன சாப்பிடுவீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

“கூழுதான் சார். கேவுரு கூழு. ராத்திரிக்கு சோறு.”

கேழ்வரகு நல்லதுதானே என்று தலையாட்டிவிட்டு எழுதப் போனார். கதவோரம் நின்றிருந்த என் மனைவி முன்னால் வந்தாள்.

“சார், அந்தக் கூழுக்குத் தொட்டுக்க இன்னா வெச்சிக்கிறாருன்னு கேளுங்க.”

எங்கள் பக்கத்தில் தொட்டுக்கொள்வதைச் சாப்பாட்டில் சேர்க்கும் வழக்கம் கிடையாது. கூழ் குடித்தேன் என்றால் கூழ் குடித்தேன், அவ்வளவுதான். அவளோ பச்சை மிளகாய், மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு என்று வரிசையாக அடுக்கினாள். ஆலையில் வண்டி நிற்கிற நாளில் அந்தக் கூழும் கிடையாது, வெறும் டீதான் என்றாள். நான் முறைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“அப்புறம் மேல்வலி மாத்தர சார். தெனமும் ரெண்டு மூணு. வெறும் வயித்துல டீய ஊத்திக்கினு முழுங்குவாரு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “வேற மாத்திரை எதுவும் போடுறீங்களான்னு நான் கேட்டேனே?”

சத்தியமாக நான் மறைக்கவில்லை. கரும்புக் கட்டு தூக்குகிறவர்கள் பெட்டிக்கடையில் வாங்கி வெற்றிலைபாக்கு போலப் போட்டுக்கொள்கிற சமாச்சாரம் அது. டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுப்பதுதான் எங்களுக்கு மாத்திரை.

“புண்ணு வந்ததே அதாலதான். பட்டினியும் காரமும் சேர்ந்து அதைப் படுத்தி எடுத்திருக்கு” என்றார். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

அன்றிலிருந்து என் வயிறு அவள் பொறுப்பில் போனது. கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு வரும் சாமை அரிசியை வாங்கிக் குழையக் கஞ்சி வைப்பாள். மணத்தக்காளிக் கீரை, பூசணிக்காய்க் கூட்டு, மோர் சாதம், வாழைப்பழம். வயிறு காயவும் கூடாது, முட்டவும் கூடாது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். மாத்திரை நேரம் தவறாது. டீ, மிளகாய் இரண்டுக்கும் தடை. முதல் வாரத்திலேயே எனக்கு வெறுத்துவிட்டது. ஒரு நாள் கத்திக்கொண்டே தட்டைத் தள்ளினேன். அவள் அதை மறுபடி என் பக்கம் நகர்த்தினாள்.

“துன்னு முடிச்சிட்டு கத்துங்க” என்றாள்.

கரும்பை வெட்டலாம் என்று ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது. மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. வரிசையில் நின்றால் எப்போது உள்ளே போவோம் என்று யாருக்கும் தெரியாது. இடத்தை விட்டுச் சாப்பிடப் போகவும் முடியாது. எட்டிப் போனால் பக்கத்துக் கடையில் ஒரு டீ, அவ்வளவுதான். இந்த முறை என்னிடம் அவள் கட்டிக் கொடுத்த நாலடுக்குத் தூக்கு இருந்தது. நேரம் பார்த்து ஓர் அடுக்கைத் திறந்தேன்.

“இன்னா மாமா, எத்தினி மாசம்?” என்றான் பக்கத்து வண்டிக்காரன். “வளகாப்பு எப்பன்னு சொல்லு, வந்துடறோம்.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பழைய ஆளாக இருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். “உனுக்கில்லாமயா, மொத பத்திரிக உனுக்குத்தான்” என்று சொல்லிவிட்டுக் கூட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

ஒரு நாள் கட்டு ஏற்றியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அதே பக்கத்து வண்டிக்காரன் என் கையில் ஒரு மாத்திரையை வைத்து, “ஒண்ணு போடு மாமா, சரியாப்பூடும்” என்றான். பாசமாகத்தான் கொடுத்தான். திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாக்கை மடித்து டிரெய்லர் நிழலில் போட்டுக் குப்புறப் படுத்தேன். வலியில் உயிர் போனது. ஆனால் எத்தனையோ மிளகாய் கடித்துக் காட்டிய நாட்களில் இல்லாத திமிர் அன்றைக்கு எனக்கு வந்தது.

இரண்டு மாதம் முடிந்து குழாய் விட்டார்கள். டாக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஆறிடுச்சு. தழும்பு மட்டும்தான் இருக்கு. ஆபரேஷனை மறந்துடுங்க.”

மருந்தடித்து மரத்த தொண்டையில் பேச்சு வரவில்லை. தேர்தலில் ஜெயித்தவன் போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் புரிந்துகொண்டாள். வாசலில் கழற்றிவிட்ட செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

மரப்பு விட்டதும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட்டலில் உட்கார்ந்தோம். நான் இட்லி சொன்னேன், சட்னி வேண்டாம் என்றேன். அவள் சப்ளையரைக் கூப்பிட்டாள்.

“எனுக்கு மொளகா பஜ்ஜி. காரச் சட்னி ஜாஸ்தியா.”

நான் அவளையே பார்த்தேன்.

“இன்னா பாக்கறீங்க? எனுக்குன்னு தனியா ஒல வெப்பனா? ரெண்டு மாசமா உங்ககூட சேந்து சப்புன்னு துன்னு நாக்கே செத்துப்பூச்சி.”

ஊரிலேயே பெரிய வைராக்கியக்காரன் நான்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். புண் இல்லாத ஒருத்தி அதே கஞ்சியைக் குடித்திருக்கிறாள். ஒரு வேளைகூட அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு பிளேட்டு சொல்லட்டா?” என்றேன்.

“எனுக்கே ரெண்டா சொல்லுங்க” என்றாள், தலையைத் தூக்காமலே.