காலியாக விட்ட மூலை

மலேசியாவின் ஈப்போ நகரில் என் வீட்டு ஹாலில் ஞாயிறு மத்தியானம் போர் நடக்கும். ஒரே லேப்டாப், ஒரு போர் விளையாட்டு, இரண்டு பேர்: நானும், ஒரே எஸ்டேட்டில் என்னோடு வளர்ந்த நண்பனும். அவன் தேவாலயத்திலிருந்து நேராக வருவான். ஜெபம் முடித்த கையோடு என் படையைத் துவம்சம் செய்வான்.

சட்டம் எளிது. காப்பவன் முதலில் படைகளை வரைபடத்தில் நிறுத்துவான். தாக்குபவன் அதுவரை வாசலில் நிற்க வேண்டும். திரையைப் பார்க்கக் கூடாது. பிறகு வந்து, எந்தப் பக்கம் நுழைவதென்று தேர்ந்தெடுப்பான். வரைபடம் நாங்களே விளையாட்டுக்குள் வரைந்தது: கோலா கங்சார் பக்கம் இருந்த எங்கள் கித்தா எஸ்டேட். இப்போது அங்கே ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை. திரையில் மட்டும் நாங்கள் குடியிருந்த லயங்கள், ரப்பர் பால் ஸ்டோர், ஓடைக்கு அப்பால் இடுகாடு எல்லாம் அப்படியே இருந்தன.

காத்து நிற்பதுதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் படையை எப்படி மாற்றி வைத்தாலும் ஓடையைத் தாண்டி, என் ஆள் ஒருவன்கூட இல்லாத மூலை வழியாகவே அவன் வந்தான். ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம். ஒவ்வொரு தடவையுமா?

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டால் தூக்கம் போய்விடும். ஷோகேஸ் கண்ணாடியில் திரை தெரிகிறதோ என்று அதன்மேல் துண்டைப் போட்டேன். என் மனைவி வாசலுக்குக் காப்பி கொண்டுபோனால் அவள்மேலும் ஒரு கண் வைத்தேன். அப்படியும் அவன் அதே மூலை வழியாக வந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மச்சான், நீ திருட்டுத்தனமா பாக்கிற. உண்மைய சொல்லு, இல்லாட்டி இனிமே இங்க வராதே."

அவன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"எதுக்குலா பாக்கணும்? அது இடுகாடு. ஒங்கப்பா இருக்கிற எடம். அங்க நீ பீரங்கி வைக்க மாட்டே."

"அதனால எங்கப்பா மேல டேங்க் ஓட்டுவியா?"

"ஓரமாத்தானே போறேன். நீ ஆள் வச்சாதான் நான் குண்டு போடணும். நீ வைக்கல, நானும் போடல. நம்பலன்னா பக்கம் மாத்துவோம்."

நான் நம்பவில்லை. வாசலில் போய் நின்றேன். என் கார்க் கண்ணாடியில் ஹால் தெரிகிறதா என்று முதலில் பார்த்தேன். தெரியவில்லை.

உள்ளே வந்து ஓடையைத் தாண்டினேன். இவ்வளவு சொன்னவன் இடுகாட்டில்தான் பதுங்கி இருப்பான் என்று எனக்கு நிச்சயம். ஒரே ஒரு ஜீப்பை உள்ளே விட்டேன். யாரும் இல்லை. ஒரு கண்ணிவெடிகூட இல்லை. பின்னாலேயே டேங்குகள் லயம்வரை போயின. அன்று நான் ஜெயித்தேன்.

அவனுடைய பெற்றோர் டவுன் கல்லறையில் இருக்கிறார்கள். அந்த இடுகாட்டில் அவனுக்கென்று யாரும் கிடையாது.

"நான் அங்கதான் வருவேன்னு தெரியும்தானே? ஏன் வைக்கல?"

"எனக்கும் அவரு சோறு போட்டாரே மச்சான்."

எனக்கு அழுகை வந்தது. அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அடுத்த வாரம் வாரியா?" என்றேன்.

"நீதானே வராதேன்னே?"

அவன் என்னைத் தாண்டி ஹாலுக்குள் பார்த்தான்.

"வாரேன். ஷோகேஸ் மேல போட்டிருக்கியே, அந்தத் துண்ட மொதல்ல எடுத்துடுலா."