சாப்பாட்டு மேசையில் ஒட்டிய டைல்ஸ்

என் மனைவி காப்புரிமை வக்கீல். எந்த வழக்கானாலும் வெறுமனே படித்துவிட்டுப் பேச மாட்டாள், செய்து பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். பெயின்ட் வழக்கு வந்தபோது எங்கள் படுக்கையறைச் சுவர் நாலு நிறத்தில் இருந்தது.  அவளிடம் சொல்லிப் பயனில்லை.

போன வருடம் பசைக்காரர் வந்தார். தண்ணீரில் ஊறினாலும் விடாத டைல்ஸ் பசை அவருடையது. அதில் "சுமார் முப்பது பங்கு சுண்ணாம்புத் தூள்" என்று எழுதிக் காப்புரிமை வாங்கியிருந்தார். போட்டிக்காரர் முப்பத்தைந்து பங்கு போட்டு விற்க, அதுவும் "சுமார் முப்பது"தான் என்று அவருடைய பழைய வக்கீல் வழக்குப் போட்டார். அப்படியானால் ஊரறிந்த பழைய பசையிலும் முப்பத்தைந்துதானே, இதில் என்ன புதுமை என்று கேட்டு, கீழ்க்கோர்ட் காப்புரிமையையே ரத்து செய்துவிட்டது. மேல்முறையீட்டிலும் தோற்றால் அவருடைய பசையை யார் வேண்டுமானாலும் கலக்கலாம்.

"சுமார்ன்னா ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன, அவ்வளவுதான்னு வாதாடலாம் அண்ணே" என்றாள் என் மனைவி.

"அப்ப அந்தத் திருடன் தப்பிச்சிடுவானேம்மா. ஒத்துக்கவே மாட்டேன்." ஒற்றைக் காலில் நின்றார்.

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல், எங்கள் சாப்பாட்டு மேசைமேல் அவர் பசையில் ஒரு டைல்ஸும் போட்டிக்காரர் பசையில் ஒன்றும் ஒட்டினாள். காய்ந்ததும் ஈரத்துணி போர்த்தினாள். ஒரு வாரம் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டேன். எரிச்சலாகத்தான் இருந்தது.

பிறகு பசைக்காரரைக் கூப்பிட்டுக் கையில் கத்தியைக் கொடுத்தாள். போட்டிக்காரர் டைல்ஸ் கையோடு வந்துவிட்டது. தன்னுடையதை உட்கார்ந்து நெம்பினார், எழுந்து நின்றும் நெம்பினார். கத்திதான் வளைந்தது.

"தண்ணியில விடாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. முப்பத்தஞ்சு போட்டா விட்டுடுதே. உங்க சுமார் அது வரைக்கும் எப்படிண்ணே போகும்?"

கழன்ற டைல்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைப் போயி என் பசைன்னு சொல்லிக்கிட்டு அலைஞ்சேனே" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

சோதனைக்கூட அறிக்கையோடு அவள் இதையே வாதாடினாள். மேல்கோர்ட் ஒப்புக்கொண்டது, காப்புரிமை பிழைத்தது. போட்டிக்காரர் இன்றும் ஜோராக விற்கிறார். பசைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

புது மேசை வாங்கித் தருகிறேன் என்று வீட்டுக்கே வந்து நின்றார். வேண்டாம் என்றது நான்தான். சூடான பாத்திரத்தை இறக்கி வைக்க அந்த டைல்ஸ் வசதியாக இருக்கிறது.