ஈய வீரர்களுக்குக் கை மாற்றிய ஞாயிறுகள்

இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது எங்கள் வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் புறப்பட்டார். பங்களாவில் மிஞ்சியதையெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். கோட்டு, குடை, நாய்ச் சங்கிலி என்று மற்றவர்களுக்குக் கிடைத்தது. ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைய கிளாக்கரான எனக்கு வந்தது ஒரு மரப்பெட்டி. உள்ளே விரல் உயரத்தில் முப்பது ஈய வீரர்கள், ஆறேழு குதிரைகள், இரண்டு தாயக்கட்டைகள், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த நான்கு பக்க விதிகள். பாதி வீரர்களுக்குக் கையே இல்லை. தோள்பட்டையில் ஒரு துளை மட்டும் இருந்தது.

அந்தப் பெட்டியை நான் நேரே என் நண்பனிடம் கொண்டுபோனேன். அவன் தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி அடிக்கிறவன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தோம். பிறகு, அப்பா கணக்கப்பிள்ளை என்பதால் நான் ஹட்டனுக்குப் படிக்கப் போனேன். அவன் தோட்டத் தொழிலாளியாகப் பேர் பதிந்து வேலைக்குப் போனான். நான் இருந்தது ஸ்டாப் குவார்ட்டர்ஸ், அவன் இருந்தது தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம். ஆபீஸ் பக்கம் வந்தால் எல்லாரையும் போல அவனும் என்னை "ஐயா" என்பான். ஆளில்லாத இடத்தில் "டேய்" என்பான். இதில் எங்கள் இருவருக்கும் வருத்தம் எதுவும் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவனுக்கு அபாரமான கை. பெட்டியின் விளிம்புக்கு அடிக்கிற தகரத்தை வெட்டி வாள் செய்தான். குடைக்கம்பியை அரத்தால் ராவி ஈட்டி செய்தான். ஆணியைத் தட்டித் தட்டித் துப்பாக்கியாக்கினான். ஆபீசிலிருந்து குண்டூசியும், தபாலுக்கு முத்திரை வைக்கிற அரக்கும் கொண்டுபோவது என் வேலை. குண்டூசியில் கையைக் கோத்துத் தோள் துளையில் செருகி ஒரு சொட்டு அரக்கு விட்டால் நிற்கும். மெழுகுவர்த்தியில் சூடு காட்டினால் கழன்றுவிடும். ஒரே வீரன் ஒரு வாரம் வாள்காரன், மறு வாரம் துப்பாக்கிக்காரன்.

ஞாயிறு மதியம் தொழிற்சாலை ஓய்ந்த பிறகு, பெட்டி அடிக்கிற மேசைதான் எங்கள் போர்க்களம். துப்பாக்கி தூரத்துக்கு, வாள் கிட்டத்துக்கு, குதிரையை நிறுத்த ஈட்டி. யாருக்கு எதைக் கொடுப்பது என்பதை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். மேசையில் வைத்த பிறகு மாற்றக்கூடாது. விதியில் அப்படித்தான் எழுதியிருந்தது. இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் நான் என்பதால் விதியும் என்னுடையதாகவே ஆகிவிட்டது.

அவன் அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார். "கலியாணம் கட்டுற வயசுல ரெண்டும் பொம்ம வச்சு வெளயாடுதுக. பொண்ணு குடுக்கிறவன் வந்து பாத்தா ஓடிப்போயிருவான்" என்பார். எனக்குத்தான் முதல் ரொட்டி. அது கிளாக்கர் என்பதற்காக அல்ல, நான் தாயில்லாப் பிள்ளை என்பதற்காக.

இப்படி ஏழெட்டு வருஷம் ஓடியது.

ஒரு ஞாயிறு நல்ல மழை. தன் படைத் தலைவனுக்கு அவன் ஆயுதமே கொடுக்கவில்லை. சிவப்புச் சீட்டித் துணியில் ஒரு கொடி செய்து கையில் கொடுத்திருந்தான். அழகாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். நான் இரண்டு குதிரைகளைச் சுற்றிவளைத்துக் கொண்டுபோய்க் கொடிக்காரன் முன்னால் நிறுத்தினேன்.

"டேய், ஒரு நிமிசம். கொடிய எடுத்துட்டு ஈட்டிய வச்சிக்கிறேன்டா."

"வச்சது வச்சதுதான்."

"ஒரே ஒருத்தன்டா. அரக்குகூட இன்னும் காயல."

"பேப்பர்ல என்னா போட்டிருக்கு?"

"ஒனக்கு மனுசன விடப் பேப்பர்தான் பெருசு" என்றான்.

"பேப்பர் வாசிக்கத் தெரிஞ்சவன் பேசட்டும்" என்றேன்.

வாயிலிருந்து விழுந்ததும் எனக்கே சுட்டது. ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை. அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, மழையோடு மழையாக லயத்துக்கு இறங்கிப் போய்விட்டான். அடுத்த மூன்று வாரம் நாங்கள் பேசவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து வேறு பாதையில் போனான். நானும் வீராப்பாகவே இருந்தேன். எனக்கு அது பிறவிக் குணம்.

அந்த வாரங்களில்தான் அவன் வீட்டுக்கு அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டிருந்தன; அவன் சின்னவனாக இருந்தபோது அவன் அப்பா குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போவதாக எழுதிக் கொடுத்திருந்தார். கொடுத்தவர் செத்தும் போனார். மனு மட்டும் எங்கேயோ ஒரு காகிதக் கட்டுக்குள் கிடந்து, வருஷக்கணக்கில் நகர்ந்து, பயணத் தேதியோடு திரும்பி வந்தது. அதற்குப் பத்து நாளைக்கு முன்புதான் அவன் அம்மாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்திருந்தது. எனக்கு அது தெரியும். தோட்டம் முழுக்கத் தெரியும். அப்படித் தெரிந்தும் நான் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலை ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே அவன் வந்து நின்றான். தலைத்துண்டு கைக்கு வந்திருந்தது. பின்னால் இன்னும் நாலு பேர் நின்றார்கள்.

"ஐயா, அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சுங்க. எந்திரிக்க முடியல. அடுத்த மாசம் போகச் சொல்லி வந்திருக்குங்க. ஒரு வருசம் தள்ளிக் கேட்டு இங்கிலீசுல ஒரு கடுதாசி எழுதித் தரணுங்க."

அப்படிக் கேட்டு எழுதலாம் என்று எனக்குத் தெரியும். அவன் சொன்ன அந்த "ஐயா" எனக்கு உள்ளுக்குள் இனித்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

"ஒங்கப்பா எழுதிக் குடுத்ததுதானே? வச்சது வச்சதுதான். நடுவுல மாத்த முடியாது" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் நின்றவருக்கு இடம் விட்டான்.

சாயங்காலம் குவார்ட்டர்சுக்கு வருவான், "டேய்" என்று கூப்பிடுவான், உடனே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவன் லயம் இருபது நிமிஷ நடைதான். நான் போயிருக்கலாம். இன்றைக்கு, நாளைக்கு என்று நாள் போனது. அதற்குள் பாத்திரம் பண்டமெல்லாம் விற்றுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். இனி என்ன செய்ய என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர்கள் புறப்பட்ட நாளில் ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரம் முழுக்க ஒப்பாரி. போகிறவர்களும் அழுதார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுதார்கள். அவன் அம்மாவை நாற்காலியோடு நாலு பேர் தூக்கிவந்தார்கள். என்னைக் கண்டதும் இடக்கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். வாய் கோணியிருந்ததால் சொன்னது தெளிவாக இல்லை. அவன்தான் எடுத்துச் சொன்னான்: "சாப்பிட்டியான்னு கேக்குது."

கொண்டுபோயிருந்த மரப்பெட்டியை அவனிடம் நீட்டினேன்.

"அங்க போய் யாரோட வெளயாடுறது? நீயே வச்சிக்க" என்றான்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "கடுதாசி போடு" என்றுதான் சொல்ல முடிந்தது. கோச்சி நகர்ந்தது.

கடுதாசி போட்டான். கப்பலில் அம்மா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றும், கரை இறங்கியவர்களைத் தங்கவைக்கிற மண்டபம் முகாமில் பதினோராம் நாள் போய்விட்டார் என்றும், கொள்ளி வைக்க விறகுக்கு அலைந்ததாகவும் எழுதியிருந்தான். என்னைக் குற்றம் சொல்லி ஒரு வரி இல்லை. நான் பதில் எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். எதையும் அனுப்பவில்லை. அவனும் பிறகு எழுதவில்லை.

அடுத்த வருஷம் பக்கத்து டிவிஷன் காவற்காரர் ஒருவர் அதே ஜன்னலுக்கு வந்தார். மனைவிக்குச் சுகமில்லை, பயணத்தைத் தள்ளிக் கேட்க வேண்டும் என்றார். எழுந்துபோய் அவரை உள்ளே கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்து எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது: ஒரு வருஷம் தள்ளிக் கொடுத்திருந்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் வடக்கே கலவரம் முற்றிக் கப்பலே நின்றுபோனது. போகாமல் மிஞ்சியவர்கள் இங்கேயே இருந்துவிட்டார்கள். காவற்காரர் இன்னும் பொகவந்தலாவையில்தான் இருக்கிறார். மனைவி தேறிவிட்டார், பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கும் அதிரசமும் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார். "நீங்க அன்னைக்கு எழுதிக் குடுத்தீங்க பாருங்க, அதுலதாங்க நாங்க இன்னைக்கு இந்த மண்ணுல இருக்கோம்" என்பார். நான் பொட்டலத்தை வாங்கிக்கொள்வேன். அவர் போன பிறகும் அதைப் பிரிக்க எனக்குக் கை வருவதில்லை.

அந்தக் கடிதம் மொத்தம் ஒன்பது வரி. எழுதக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.