இடுப்புக்கு வரும் கை

தங்கையின் புருஷனிடம் முதல் தடவை வாங்கிய அடியில் அக்காவுக்கு ஒரு கடைவாய்ப் பல் போயிற்று. பன்னிரண்டு வருடம் கராத்தே படித்தவள். பீரோ மேல் ஏழு கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. அதில் ஒன்றுகூட அன்றைக்கு உதவிக்கு வரவில்லை, நாசமாய்ப் போக.

இறைச்சி வெட்டும் கூடத்தில் அவளுக்கு மூட்டுக்காரி என்று பேர். தோலுரித்த ஆட்டை மேசையில் போட்டால் எலும்பில் கத்தி படாமல் மூட்டு மூட்டாகக் கழற்றி வைத்துவிடுவாள். பகல் இரண்டு மணிக்கு வேலை முடியும். மாலையில் டயர்க்கடை மாடியில் கராத்தே. சண்டைப் பயிற்சி பக்கமே அவள் போனதில்லை. பிடித்ததெல்லாம் கட்டாதான்: எதிரே ஆள் இல்லாமல், இன்ன தடுப்புக்குப் பின் இன்ன குத்து என்று எந்தக் காலத்திலோ வகுத்து வைத்த வரிசை. ஒரு கை தடுக்கும். மறு கை முஷ்டியாக மடங்கி இடுப்பில் வந்து ஒட்டிக்கொள்ளும். சும்மா சொல்லக்கூடாது, அவள் செய்தால் மற்றவர்கள் தங்கள் பயிற்சியை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

தங்கை பிழைப்புதான் பார்க்கச் சகிக்காது. அவள் புருஷன் வேன் டிரைவர். உப்புக் கூடினாலும் அடி, குறைந்தாலும் அடி. போன மாதம் இரண்டு விலா எலும்பை உடைத்துவிட்டான். "படியில வழுக்கிட்டேன்க்கா" என்றாள் தங்கை. யாரிடம் எலும்புக் கதை சொல்கிறாள் பாருங்கள்! இப்படியே விட்டால் ஒருநாள் இவளைத் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டியிருக்கும் என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டது. நேரே போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

அவன் கை ஓங்கினான். அவள் தடுத்தாள். என்ன ஒரு தடுப்பு! மறு கை கச்சிதமாக இடுப்பில். அப்படி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றதால் முகத்தின் அந்தப் பக்கம் திறந்து கிடந்தது. அங்கே விழுந்தது அடுத்த அறை. சுவரில் மோதிச் சரிந்தாள். வயிற்றில் ஒரு உதை.

"ஆட்டம் முடிஞ்சுதா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கோபத்துக்கும் சேர்த்துத் தங்கையைப் புரட்டி எடுத்தான். அக்காவின் பல் தரையில் கிடந்தது. அதைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தாள் மூட்டுக்காரி. வழியெல்லாம் அழுகை. அடிபட்ட வலியைவிட அவமானம்தான் அதிகம்.

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு மாஸ்டரிடம் போய் நின்றாள். அவளைவிட ஆறு வயது இளையவர், போட்டிப் பைத்தியம்.

"இந்தக் கை எதுக்கு மாஸ்டர் இடுப்புக்கு வருது?"

"வந்தாத்தான்க்கா லட்சணம். வரலைன்னா மார்க் குறைப்பாங்க."

"என் பல்லே போயிடுச்சு, மார்க்காம் மார்க்கு!" என்று வெடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

விஷயம் பிடிபட்டது அடுத்த வாரம், வெட்டு மேசையில். பக்கத்து மேசைக்காரன் ஒரு தொடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கத்தி எலும்பில் கறகறவென்று அறுத்தது.

"தொளதொளன்னு விட்டுட்டு அறுத்தா எப்படிடா வரும்? இழுத்துப் பிடி. இழுத்தாத்தான் மூட்டு வாயைத் திறக்கும்" என்று காலைப் பிடுங்கி, வழக்கம்போல் தன் இடுப்போடு சேர்த்து இழுத்தாள்.

அப்படியே நின்றுவிட்டாள். இடுப்பில் அவள் முஷ்டி. முஷ்டிக்குள் ஆட்டின் கால். அடிப் பாவி, பன்னிரண்டு வருடம் வெறுங்கையை இழுத்துக்கொண்டிருந்தோமே! இந்தக் கை எதிராளியின் கையைப் பிடித்து இழுத்து வரத்தான். தடுப்பு என்று நினைத்த மறு கை, நீண்டு விறைத்த அவன் முழங்கைமேல் விழத்தான். மேசைக்காரன் "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டது அவள் காதில் ஏறவேயில்லை. அன்று மிச்சமிருந்த கால்களையெல்லாம் அப்படி இழுத்தே கழற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வீட்டுக்கு மூன்று மாடி ஏறினாள். இரண்டாம் மாடியிலேயே சத்தம் கேட்டது. கதவு திறந்திருந்தது. தங்கை சமையலறைத் தரையில் சுருண்டு கிடக்க, அவன் உடைந்த விலாவாகப் பார்த்து உதைத்துக்கொண்டிருந்தான்.

"டேய்!"

திரும்பினான். சிரித்தான். "பல்லு முளைச்சிடுச்சா அண்ணி?" என்றபடி வந்து அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தான்.

பிடிக்கட்டும் என்றுதான் நின்றாள். முடியில் இருந்த அவன் கையை மேலிருந்து அமுக்கி, முறுக்கி, இடுப்புக்கு இழுத்தாள். ஒரு கொத்து முடியும் கூடவே பிய்ந்து வந்தது. கை நீண்டது, மூட்டு வாயைத் திறந்தது. மறு கையை உடம்பின் பாரம் மொத்தமும் சேர்த்து முழங்கைமேல் இறக்கினாள். தினமும் கேட்கும் அதே சத்தம். இந்தத் தடவை கூடவே ஒரு அலறல்.

அவன் மறு கையால் குக்கர் மூடியை எடுத்து அவள் நெற்றியில் அடித்தான். ரத்தம் கண்ணில் இறங்கியது. கட்டா வரிசையில் அடுத்தது ஒரு அடி முன்வைத்துக் குத்து. பிடித்த கையை விடாமல் இழுத்தாள். அவன் முகமே அவள் முஷ்டியைத் தேடி வந்தது. மூக்கு நசுங்கியது. இன்னொரு தடவை இழுத்தாள். பல் உடைந்து அவள் விரல் கணுவில் ஏறியது. வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். அவன் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஐயோ, என்னங்க! விட்டுடுக்கா, அவரை விட்டுடு!" தங்கை தவழ்ந்து வந்தாள்.

அவன் ரத்தத்தைத் துப்பினான். "ஏய், தண்ணி கொண்டா."

அந்த நிலையிலும் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து குடத்துப் பக்கம் போனாள் தங்கை. மூட்டுக்காரி அதைப் பார்த்தாள். இவன் எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும். அதன்பின்?

அவன் கையை உதறிவிட்டுத் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். இடுப்புக்கு இழுத்தாள்.

"வரமாட்டேன், விடு! நீயும் அவனை மாதிரிதான்!" தங்கை அக்காவின் முகத்தில் அறைந்தாள், புறங்கையைக் கடித்தாள். மூட்டுக்காரி ஒன்றையும் தடுக்கவில்லை. மூன்று மாடி இறங்கும்வரை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் தங்கை ஓய்ந்துபோய், "வலிக்குதுக்கா" என்றாள்.

அக்கா குனிந்து பார்த்தாள். அந்த மணிக்கட்டில் அவன் விரல்கள் பதிந்த கன்றல் ஏற்கனவே இருந்தது. அதன் மேலேயே இவள் விரல்களும் பதிந்திருந்தன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் பிடியைத் தளர்த்தவில்லை. பஸ் வந்து, இருவரும் ஏறி, கதவு மூடிய பிறகுதான் விட்டாள்.